வாப்பாவின் மெஸியும் ஒரு டீசல் பம்பும்



எங்கள் வீட்டு முற்றத்தில் பழைய டிரக்டர் ஒன்று ஸ்டார்ட் ஆகும் வீடியோவை நானாவின் மகன் போட்டதில் இருந்து கேள்விக்குக் குறைவில்லை. எருக்கலம்பிட்டியில் இருந்தும் வருகிறது, புத்தளத்தில் இருந்தும் வருகிறது, கட்டாரில் இருந்தும் வருகிறது. "விற்கிறீங்களா?" "எவ்வளவு முடிஞ்சுது?" "இரும்புக்குப் போட்டிருந்தா இந்தத் தலையிடி இல்லையே?" ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் பதில் எழுதி முடியாது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள். பழுது பார்த்த கதை என்று தொடங்கினாலும் கடைசியில் இது ஒரு கடன் கணக்கு.

படத்தில் சிவப்பும் சாம்பலுமாக நிற்பது மெஸி பேர்கசன் 35. எங்கள் பக்கத்து வயல்காரருக்கு அறிமுகம் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறோம். அயர்லாந்தில் பிறந்த ஹரி பேர்கசன் என்பவர் கலப்பையை டிரக்டரின் பின்னால் மூன்று இடத்தில் கொழுவி, ஹைட்ரோலிக்கால் தூக்கி இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று எல்லா டிரக்டரின் பின்பக்கமும் அதே அமைப்புத்தான். 1953இல் அவருடைய கம்பனி கனடாவின் மெஸி ஹரிஸோடு சேர்ந்தது. 35 என்ற மொடல் 1956இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் வந்தது. முதலில் வந்த நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் குளிரில் ஸ்டார்ட் எடுக்கப் பஞ்சிப்பட்டது. 1959இல் இருந்து பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் போட்டார்கள். அதற்குப் பிறகு இந்த வண்டிக்குச் சாவே இல்லை என்று ஆகிவிட்டது. 1964இல் 135 வந்து இதன் இடத்தைப் பிடித்தது. எங்களுடையது அந்த மூன்று சிலிண்டர்.

வாப்பா இதை 1978இல் பழசாகத்தான் வாங்கினார். நாங்கள் தீவுக்குள் இருந்தாலும் வயல் வேலை எல்லாம் பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் அடம்பன் பக்கம். அங்கே வாப்பாவுக்கு ஒரு கூட்டாளி. தமிழர். நாங்கள் அவரை ஐயா என்போம். வண்டி வாப்பாவுடையது, வளவும் வயலும் ஐயாவுடையது. காலபோகம் தொடங்கினால் இருவரும் சேர்ந்து ஊர்முழுக்க உழுவார்கள். அறுவடை முடிந்தால் களத்தில் சூடு மிதிப்பார்கள். கதிரைப் பரப்பிவிட்டு அதன்மேல் டிரக்டரைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது. அப்போது நானாவுக்கு ஏழெட்டு வயது. வாப்பாவின் மடியில் இருந்து ஸ்டேரிங்கைப் பிடித்துச் சூடு மிதித்தது இன்றைக்கும் அவர் வாயில் இருந்து போகாத கதை. எங்களில் சின்னவர்களுக்கு அந்த ஞாபகம் எதுவும் இல்லை.

1990 ஒக்டோபர். காலபோக உழவுக்காக மெஸி ஐயாவின் வளவில் நின்றது. எங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னது அந்த மாதக் கடைசியில். அதைப்பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இதை வாசிக்கிற அநேகம்பேருக்கு அந்தக் கடலும் தெரியும், கற்பிட்டிக் கரையும் தெரியும். கையில் தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறினோம். ஒன்றரைத் தொன் இரும்பை யார் தூக்குவது? அது அடம்பனிலேயே நின்றுவிட்டது. வாப்பா உம்மாவிடம் சொன்னது ஒரு வார்த்தைதான். "அது அவன்ட கையில இருக்கு. பயமில்ல."

நாகவில்லுவில் கிடுகுக் கொட்டிலில் எங்கள் வாழ்க்கை தொடங்கியது. சில வருடம் கழித்து மன்னாரில் இருந்து வந்த ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். டிரக்டர் நிற்கிறதாம், ஆனால் டீசல் பம்ப் இல்லையாம், கழற்றி விற்றுவிட்டார்களாம். டீசல் எஞ்சினுக்குப் பம்ப் என்றால் இதயம் மாதிரி. அது இல்லாவிட்டால் வண்டி வெறும் இரும்பு. வாப்பா ஒன்றும் பேசவில்லை என்று உம்மா சொல்வார். அன்றிலிருந்து ஐயாவின் பெயரையும் எடுக்கவில்லை. 2006இல் வாப்பா புத்தளத்திலேயே மௌத்தானார். நாங்கள் அந்தக் கதையை உண்மை என்றே வைத்துக்கொண்டு வளர்ந்தோம். "வாப்பாட கூட்டாளியே வித்துத் தின்னவர்" என்று நாங்களே எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் என்ற கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது.

யுத்தம் முடிந்து, 2010இல் மன்னாரின் புதிய பாலமும் திறந்து, ஊருக்குப் போவதும் வருவதுமாக இருந்த காலம். முதலில் திரும்பியவர்கள் பலர் தங்கள் வளவு எதுவென்றே தெரியாமல் காட்டுக்குள் நின்றார்கள். டோசரின் செயின் தடம் பதிந்த பிறகுதான் பல இடங்களில் ஒழுங்கை இருந்த இடமே தெரிந்தது. 2012இல் நானாவும் நாங்களும் அடம்பனுக்குப் போனோம். ஐயா இருந்தார். 2008இல் சண்டை அடம்பனுக்கு வந்தபோது அவர்களும் வீட்டை விட்டு வன்னிக்குள் ஓடி, பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்து திரும்பியவர்கள். வீடு இருந்த இடத்தில் தகரக் கொட்டில். பின்வளவில் விளாத்தி மரத்தடியில் மெஸி நின்றது. சில்லு நாலும் இல்லை. ஆசனம் இல்லை. பம்பும் இல்லை.

ஐயா எங்களை இருக்கவைத்துத் தேத்தண்ணீர் தந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"தம்பியவை, பம்ப் கிடக்கு. நான்தான் கழட்டித் தாட்டு வைச்சனான். வீடு வாசல் எல்லாம் மட்டமாப் போட்டுது, இடம் பிடிபடுதில்லை. தேடி எடுத்துத் தாறன்."

நாங்கள் தலையாட்டினோம். திரும்பி வரும்போது பாலத்தில் நானா சொன்னார், "நல்லாக் கதை சொல்றார்." நாங்களும் சிரித்தோம்.

2017இல் ஐயா காலமானார். தகவல் கிடைத்தது. நாங்கள் போகவில்லை. பாடசாலையில் தவணைப் பரீட்சை என்று ஒரு காரணம் இருந்தது. காரணம் எப்போதும் இருக்கும்.

2020இல் கொரோனாவால் பாடசாலை மூடியது. கல்வியியற் கல்லூரியில் பாடத்திட்டம் எழுதப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் வண்டியைக் கொண்டுவருவோம் என்று பேச்சு எழுந்தது. நானாவின் எண்ணம் இரும்புக்குப் போடுவது. உம்மாதான் மறித்தார். "உங்கட வாப்பா வேர்வை சிந்தினத கிலோக் கணக்கில நிறுக்கப் போறீங்களா?" ஐயாவின் மகளிடம் கேட்டோம். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "உங்கட சாமான்தானே, எடுங்கோ" என்றார். விளாத்தி வேர் பின் கொழுக்கியைச் சுற்றியிருந்தது. வேரை வெட்டித்தான் வண்டியைப் பிரித்தோம். செயின் புளொக் போட்டு லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பலாக் கட்டையில் இருத்தினோம்.

எங்களுக்கு டிரக்டர் வேலை தெரியாது. பேசாலையில் வள்ள எஞ்சின் பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்தார். கடல் உப்புத் தின்ற இரும்போடு முப்பது வருடம் பழகிய கை. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. அவர் அடித்து உடைக்கப் போகவில்லை. மூன்று இன்ஜெக்டரையும் கழற்றினார். அந்தத் துளைகளால் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். "பத்து நாளைக்கு ஒருத்தரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்தாம் நாள் ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றி, அந்த ஓட்டையால் அலவாங்கை விட்டு, பிளைவீலின் பல்லில் கொடுத்து மெல்ல நெம்பினார். ஒரு பல்லு அசைந்தது. பிறகு இரண்டு. நானா "அல்லாஹு அக்பர்" என்று கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினோம். முதல் இரண்டு சிலிண்டரும் கண்ணாடி மாதிரி. மூன்றாவதில் மட்டும் கறள். அண்ணன் யோசித்தார். எழுந்துபோய், நிலைக்குத்தாக நிற்கும் புகைக்குழாயின் வாயைத் தடவினார். அங்கே கம்பி சுற்றிய அடையாளமும், அதில் ஒட்டிக்கொண்டு உக்கிப்போன பால்மா டின்னின் விளிம்பும் இருந்தன.

"யாரோ டின் கவிழ்த்துக் கட்டியிருக்கினம். டின் உக்கின பிறகுதான் மழைத்தண்ணி இறங்கியிருக்கு. மூன்றாவது சிலிண்டரில வால்வு திறந்து நின்றிருக்கு, அதால உள்ள போயிட்டுது. டின் கட்டாட்டி எஞ்சின் முழுக்கப் போயிருக்கும்."

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பம்ப் இருந்த இடத்துக்கு வந்தார். எஞ்சின் பக்கத்தில் பம்ப் பொருந்தும் ஓட்டை. அதை நாங்கள் அதுவரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. பார்க்காமலே முடிவெடுத்திருந்தோம். அந்த ஓட்டைக்கு வட்டமாக வெட்டிய தகடு. தகட்டுக்குக் கீழே பழைய டியூப் ரப்பரில் வெட்டிய வாசர். நட்டு எல்லாம் கிறீஸ் பூசி அளவாக இறுக்கியிருந்தது.

"பம்ப் களவு போனது எண்டு சொன்னீங்கள்?" என்று அண்ணன் கேட்டார்.

"ஓம். வித்துட்டாங்க."

"களவெடுக்கிறவன் ஓட்டைக்கு மூடி போட்டிட்டுப் போகமாட்டான் சேர்."

அன்று மஃரிபுக்குப் பிறகு நானாவும் நாங்களும் முற்றத்தில் கனநேரம் பேசாமல் இருந்தோம். முப்பது வருடமாக ஒரு ஆளைப்பற்றி நாங்கள் வைத்திருந்த கணக்கு அந்தத் தகட்டில் பிழைத்துப்போயிற்று. யோசித்தால் விஷயம் எளிது. அந்தக் காலத்தில் ஓடக்கூடிய வண்டி எதுவும் சொந்தக்காரரிடம் நிலைத்ததில்லை. தேவைப்பட்டவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், யாரிடமும் முறையிடவும் முடியாது. ஓடாத வண்டியை யாரும் எடுக்கமாட்டார்கள். ஐயா அதை ஓடவிடாமல் ஆக்கித்தான் எங்களுக்காகக் காப்பாற்றியிருக்கிறார். அவர் ஓடிப்போய் வளவு வெறுமையாகக் கிடந்தபோதுதான் சில்லும் ஆசனமும் போயிருக்கின்றன. அதுவும் அவருக்குப் பழியாயிற்று.

2021இல் ஒரு நாள் ஐயாவின் மகள் கோல் எடுத்தார். புதிய வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது பழைய குசினி இருந்த பக்கம் மண்வெட்டி தகரத்தில் பட்டிருக்கிறது. எண்ணெய் டின். அதற்குள் பொலித்தீன், அதற்குள் கிறீஸ் தோய்ந்த சாக்கு, அதற்குள் பம்ப். "அப்பா சொல்லிச் சொல்லித் தேடின சாமான் இதுதான்போல. வந்து பாருங்கோ" என்றார்.

போனோம். பம்பைப் பார்த்ததும் நானா நிலத்தில் இருந்துவிட்டார். அதன் எக்சிலேட்டர் நெம்புகோலில், ஒரிஜினல் ஸ்பிரிங் அறுந்த இடத்தில், சைக்கிள் சீற்றின் சின்ன ஸ்பிரிங் ஒன்று மாட்டியிருந்தது. அதை வாப்பா மாட்டும்போது குறடு எடுத்துக் கொடுத்தது நானா. அந்தப் பம்புக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

சினிமா என்றால் அந்தப் பம்பைப் பூட்டியதும் வண்டி ஓடியிருக்கும். அப்படி நடக்கவில்லை. அத்தனை வருடம் மண்ணுக்குள் கிடந்ததில் ஈரம் எப்படியோ உள்ளே போய் ரோட்டர் இறுகிவிட்டது. பம்ப் திருத்தும் இடத்தில் பார்த்துவிட்டு, "இதை ஷோகேஸில வையுங்க" என்றார்கள். திருத்திய வேறு பம்ப் ஒன்றை வாங்கினோம். மூன்றாவது சிலிண்டருக்கு லைனரும் பிஸ்டனும், மூன்றுக்கும் புதிய ரிங்கும் போட்டோம். இந்த வண்டிக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. எஞ்சினே சட்டம். கிளட்ச் தட்டு கறள் பிடித்துப் பிளைவீலோடு ஒட்டியிருந்ததால் வண்டியை நடுவால் இரண்டாகப் பிரிக்கவேண்டி வந்தது. முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம். அந்த நேரம் பார்த்து வந்த மாமா, "ஒரு டிரக்டர் கொண்டு வந்தீங்க, இப்ப ரெண்டு நிக்குதே, பறக்கத்துத்தான்" என்றார்.

பின்பாதியில் கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில். அதைத் திறந்தபோது பால் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்துவிட்டது. மூன்று முறை டீசல் ஊற்றிக் கழுவினோம். டீசல் டாங்கிக்குள் கருங்கல் சல்லியும் சைக்கிள் செயின் துண்டும் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, பிள்ளைகளை வைத்து ஒரு பின்னேரம் முழுக்கக் குலுக்கினோம். கறள் எல்லாம் கழன்று வந்தது. பத்தாம் தரப் பிள்ளைகள் சிலர் வந்து பார்த்தார்கள். வகுப்பில் பஸ்கால் விதியை எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் நித்திரை தூங்குகிற பிள்ளை, ஹைட்ரோலிக் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "சேர், இந்தச் சின்னச் சாமானா அவ்வளவு பெரிய கலப்பையத் தூக்குது?" என்று கேட்டது. அந்த ஒரு கேள்விக்காகவே செலவழித்த காசு தகும்.

2022இல் எல்லாம் நின்றது. டீசல் இல்லை. வரிசையில் இரவிரவாக நின்றவர்களுக்கு அந்த வருடம் ஞாபகம் இருக்கும். பாகங்களின் விலை ஒன்றுக்கு மூன்றாயிற்று. அநேகமாக இறக்குமதிச் சாமான், டொலர் இல்லை. வண்டி மீண்டும் தகரத்துக்கு அடியில் நின்றது. புகைக்குழாய்க்கு இந்த முறை நாங்கள் டின் கவிழ்த்தோம். பால்மா டின்தான். அதுவும் அப்போது கிடைக்காத சாமான்.

2023 செப்டம்பரில் கடைசி வேலை. சில்லு அநுராதபுரத்தில் இருந்து வந்தது, பற்றரி புதிது. ஸ்டார்ட் எடுத்தோம். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. டீசல் லைனில் காற்று. பில்டரின் மேல் உள்ள திருகாணியைத் தளர்த்தி, லிப்ட் பம்பின் சின்ன நெம்பைக் கையால் அடிக்க அடிக்க, நுரை நுரையாக வந்து பிறகு குமிழ் இல்லாமல் டீசல் வரும். அங்கே இறுக்கி, பம்பில் தளர்த்தி, மறுபடி அதே வேலை. கடைசியாக இன்ஜெக்டர் பைப்புகள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் குமிழ் நின்றதும் அண்ணன் நட்டை இறுக்கிவிட்டு, "உம்மாவைக் கூப்பிடுங்கோ" என்றார். உம்மா வந்து நின்றார். பிஸ்மில்லாஹ் சொல்லி ஸ்டார்ட் கொடுத்தோம். முதலில் வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு, பிறகு அந்த மூன்று சிலிண்டர் சத்தம். உம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீடியோவில் நீங்கள் பார்த்தது இதைத்தான். உம்மா போனது வீடியோவில் இல்லை.

இனிக் கடன் கணக்கு.

ஒக்டோபரில் முதல் மழைக்கு முன் மெஸியைப் பாலத்தால் அடம்பனுக்குக் கொண்டுபோனோம். ஐயாவின் மகளுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது, கூலிக்கு ஆள் பிடித்து உழுகிறவர். முதலில் அவரிடம் போய், நாங்கள் அவருடைய அப்பாவைப்பற்றி என்ன நினைத்தோம், யாரிடம் என்ன சொன்னோம் என்பதை மறைக்காமல் சொன்னோம். வாய் வரவில்லை, நானாதான் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பாவுக்குத் தெரியும். நீங்கள் அண்டைக்கு வந்திட்டுப் போகேக்க உங்கட முகத்தைப் பாத்து விளங்கியிட்டுது எண்டு சொன்னவர். அதுக்குப் பிறகுதான் ஒவ்வொரு நாளும் அலவாங்கோட திரிஞ்சவர்."

அந்த வார்த்தைக்கு எங்களிடம் இன்றுவரை பதில் இல்லை. எழுபது வயது தாண்டிய மனிதர், தான் பொய் சொல்லவில்லை என்று காட்டுவதற்காக, தன் சொந்த வளவை ஐந்து வருடம் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறார். தேடிய சாமான் குசினிப் பக்கம் கிடந்தது. நாங்கள் "நம்புறோம் ஐயா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் ஆறுதலாக இருந்திருப்பார்.

இரண்டு ஏக்கரையும் உழுதோம். காசு தர வந்தார், வாங்கவில்லை. "அப்ப சாப்பிட்டாவது போங்கோ" என்றார். நாங்கள் வருவது தெரிந்து மரக்கறியும் மீனும் மட்டும் புதுச் சட்டியில் சமைத்து வைத்திருந்தார். வருடா வருடம் காலபோகத்தில் முதல் உழவு அந்த வயலுக்குத்தான் என்று வீட்டில் முடிவு. அதனால் கடன் தீர்ந்துவிடும் என்று நாங்கள் நினைக்கவில்லை. மௌத்தானவரிடம் மாப்புக் கேட்க வழி இல்லை.

எனவே உங்கள் கேள்விக்குப் பதில்: வண்டி விற்பனைக்கு இல்லை. செலவுக் கணக்கு ஒரு கொப்பியில் இருக்கிறது, கூட்டிப் பார்க்கவில்லை. பழைய பம்ப் எங்கள் வீட்டு அலுமாரியில் சைக்கிள் ஸ்பிரிங்கோடு இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். 1990இல் நாங்கள் எல்லாரும் யாரிடமாவது ஏதாவது விட்டுவிட்டுத்தான் வந்தோம். காணி உறுதி, தையல் மெசின், மாடு, வள்ளம், வீட்டுத் திறப்பு. சிலது போய்விட்டது, சிலரிடம் கேட்டு ஏமாந்தும் இருக்கிறோம். அதை மறுக்கவில்லை. ஆனால் யாரோ வந்து சொன்ன ஒரு செய்தியை வைத்து யாரையாவது கணக்கில் இருந்து வெட்டியிருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போது ஒருக்கா போய்ப் பாருங்கள். அமானிதத்தைப் பற்றி அதிகம் பேசுகிற சமூகம் நாங்கள். எங்கள் அமானிதத்தைச் சுமந்தவர் அடம்பனில் விளாத்தி மரத்தடியில் இருந்தார். பாலம் திறந்த பிறகு அரை மணித்தியாலப் பயணம்தான்.

வாப்பாவுக்காகத் துஆச் செய்யுங்கள். ஐயாவின் குடும்பத்தையும் மறக்கவேண்டாம்.